தொலைந்த பொருள் அலுவலகம், ஹாலிஃபாக்ஸ்

பத்தொன்பது ஆண்டுகளாக
இந்த மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று
மனித குலத்தை ஆராய்ந்து வருகிறேன்.
பெயர் ஒபதியா கிரேக்.
ரயில்வே கம்பெனியின் ஏட்டில் மட்டும்
மூன்றாம் நிலை எழுத்தர்.

நேற்று வரையிலான கணக்கு:
குடைகள் நானூற்றுப் பன்னிரண்டு,
தேடி வந்தவர்கள் முந்நூறுக்கு மேல்.
வேதாகமங்கள் முப்பத்தேழு,
ஒருவரும் வரவில்லை.
மழை நிச்சயம், மறுமை அப்படியல்ல
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
மேலதிகாரி மெதடிஸ்ட் என்பது நினைவுக்கு வர
தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.
கொள்கைக்காக உயிர் விட்டவர்களுக்கு
வாரச் சம்பளம் இருந்திருக்காது.

ஒருமுறை மரக்கால் ஒன்று வந்தது.
வலது கால், மெழுகு பூசிப் பளபளத்தது.
அதை விட்டுவிட்டு
எப்படி இறங்கி நடந்து போனான் அந்த மனிதன்?
இரண்டு மாதம் இதே யோசனை.
நம்பிக்கை, என்று ஒருநாள் எழுதினேன்.
ஜின், என்று மறுநாள் திருத்தினேன்.

பிப்ரவரியில்
தொழிலாளர் கல்விக் கழகத்தில் பேசினேன்:
'மனிதன் பொய் சொல்வது எதற்காக?'
பதினொரு பேர்.
இருவர் கணப்படுப்பின் சூட்டுக்கு வந்தவர்கள்,
அதை மறைக்கவுமில்லை, குறட்டை விட்டார்கள்.
ஆதாயத்துக்காக, என்றேன்.
வேறெதற்கும் அல்ல, என்றேன்.
பித்தளைப் பூண் போட்ட கைத்தடி ஒன்றை
ஒரே காலையில் மூன்று பேர்
தன்னுடையதென்று சத்தியம் செய்ததைச் சொன்னேன்.
தடி என்னுடையது,
தடுப்பின்மேல் மறந்து வைத்திருந்தேன்.
அப்படியானால் நாமெல்லாம்
குரங்கின் பிள்ளைகள்தானா என்று எழுந்தார் பாதிரியார்.
குரங்கு எதையும் தொலைத்துவிட்டு
என் முன்னால் வந்து நின்றதில்லை ஐயா, என்றேன்.
சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பைக் கோட்டுப் பையில் போட்டு
கரி படிந்த பனியில் வீடுவரை கொண்டுபோனேன்.
வீட்டில் அதை எடுத்துக் காட்ட ஆளில்லை.

சனிக்கிழமைதோறும்,
இரண்டு மணி ஆலைச் சங்கு ஊதி அடங்கியதும்
திர்சா ஹோல்ராய்ட் வருவாள்.
தறிச் சத்தம் அவள் காதில் பாதியைத் தின்றிருந்தது.
ஒரு தகரப் பெட்டியைத் தேடுகிறாள்.
ஜனவரியில் அது பச்சை.
மார்ச்சில் நீலம், மூடியில் ஒரு கப்பல்.
ஈஸ்டர் கழிந்ததும்
கப்பல் அன்னமாகிவிட்டது.

உள்ளே என்ன இருந்தது, என்பேன்.
காதருகே கையைக் குவித்து
இன்னொரு தடவை கேளுங்கள், என்பாள்.
கேட்பேன்.
பொத்தான்கள். ஒரு கடிதம்.
தம்பியின் முதல் பல்.
(போன வாரம் அது தங்கையின் பல்.)
ஒவ்வொன்றையும் மை தொட்டு
மெதுவாகப் படிவத்தில் எழுதுவேன்.

இருபத்தேழாவது படிவத்தில் பேனா நின்றது.
இல்லாத பெட்டியைத் தேடி வருபவளுக்கு
என்ன ஆதாயம்?
என்ன நிறம், எவ்வளவு பெரிது,
கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று
அந்த வாரம் முழுக்க
வேறு யார் அவளைக் கேட்டிருப்பார்கள்?

திங்களன்று அடகுக் கடையில்
நாலரை பென்ஸுக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கினேன்.
பச்சை. அன்னம் இல்லை, கப்பல் இல்லை,
கீல் மட்டும் கொஞ்சம் துரு.
சீட்டு கட்டி, எண் எழுதி,
கீழ்த்தட்டில் வைத்தேன்,
அவள் நிற்கும் இடத்திலிருந்து தெரியாதபடி.
இன்றோடு ஆறு சனிக்கிழமை ஆகிறது.

ஆதாயத்துக்காக என்று
அந்தப் பதினொரு பேரிடம் சொன்னேனே,
தப்பில்லை.
ஆதாயம் என்றால் என்னவென்று
எனக்குத்தான் அப்போது தெரியாது.

வெளியே மழை பிடித்திருக்கிறது.
என் முதுகுக்குப் பின்னால் இத்தனை குடைகள்,
அவள் நனைந்தே வந்து நிற்கிறாள்.
கிடைத்ததா, என்கிறாள்.
இல்லை மிஸ் ஹோல்ராய்ட்,
என்ன நிறம் என்று சொன்னீர்கள்?